முழங்கால் மடிப்பில் ஒரு துடிப்பு

அரீக்கோடு
ஜூன் 4

அன்பும் மரியாதையும் உள்ள களரி ஆசான் சாத்துக்குட்டி குருக்களுக்கு, அரீக்கோட்டு அவரான் சொந்தக் கையால் எழுதுவது.

சொந்தக் கையால் என்று எழுதியிருப்பதை இன்னொரு முறை படித்துக்கொள். பந்தாட்டக் கிளப்புப் பையன்கள் யாரும் எழுதித் தரவில்லை. போன வருடம் ஓணம் கழிந்ததும் பஞ்சாயத்தில் நடக்கும் எழுத்து வகுப்புக்குப் போகத் தொடங்கினேன். பிய்யாத்துவிடம்கூடச் சொல்லவில்லை, பையன்கள் பந்து ஆடுவதைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். எழுபத்து நாலு வயதில் மனைவிக்குத் தெரியாமல் போய் வர ஒரு இடம் கிடைத்ததே பெரிய சந்தோஷம்.

இப்போது பஸ்ஸின் நெற்றியைப் படித்துவிட்டு ஏறுகிறேன். இத்தனை காலம் நிறத்தைப் பார்த்து ஏறினேன். சோப்பு உறை, மருந்துக் கடைப் பலகை, சுவரில் ஒட்டியிருக்கும் கட்சிச் சண்டை எல்லாம் படிக்கிறேன். பிய்யாத்துவுக்குத்தான் வருத்தம். "முன்னாடி வாயை மூடிட்டு நடந்தீங்க. இப்ப தெரு முழுக்கச் சத்தமா வாசிச்சுட்டே வர்றீங்க. கூட வர எனக்கு வெக்கமா இருக்கு" என்கிறாள்.

முதல் கடிதம் யாருக்கு என்று டீச்சர் கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. உனக்குக் காது போனதிலிருந்து நாம் போனில் பேசி எத்தனை காலம் ஆகிறது. கர்க்கடக மாதத்து மழையில் நீ பையனூரிலிருந்து வந்தால்தான் உன் முகத்தைப் பார்த்துக் கத்த முடிகிறது. இனி வருடம் முழுவதும் பேசலாம்.

கர்க்கடகம் பிறந்ததும் வழக்கம்போல வந்துவிடு. கிளப்பின் பின்னறையில் உன் எண்ணெய்த் தேய்ப்புப் பலகையைக் கழுவிக் காய வைத்துவிட்டார்கள். பையன்கள் மழை முடிந்து ஆட்டம் தொடங்குமுன் உன் எண்ணெய் காலில் படாமல் இறங்க மாட்டோம் என்கிறார்கள். என் காலுக்கும் வேலை இருக்கிறது. இடது முழங்கால் மடிப்பில் துடிப்பு இன்னும் பலமாகிவிட்டது. இப்போது அந்த இடம் எலுமிச்சங்காய் அளவுக்கு உருண்டிருக்கிறது. போன சீசன் இறுதி ஆட்டத்தன்று பையன்கள் வரிசையில் நின்று, ஒவ்வொருவனும் அந்த மடிப்பில் இரண்டு விரல் வைத்துத் துடிப்பைத் தொட்டுவிட்டுத்தான் மைதானத்தில் இறங்கினார்கள். நாம் ஜெயித்தது உனக்குத் தெரியும். "எங்க அவரான் காக்காவோட காலுக்குள்ள இன்னொரு நெஞ்சு இருக்கு" என்று கோல்கீப்பர் சொன்னான். இதை முதலில் கண்டுபிடித்தது நீதான் என்று அவனுக்குச் சொன்னேன். ஆட்டம் காலை விட்டுப் போகாதவனுக்குத்தான் இப்படித் துடிக்கும் என்று நீ சொன்ன வார்த்தையையும் சொன்னேன்.

ஒரு சின்னத் தொந்தரவு. பள்ளிவாசல் வரை நடப்பதற்குள் ஆடுசதை கட்டிக்கொள்கிறது. நின்றால் சரியாகிறது. பிய்யாத்து எலும்பு டாக்டரிடம் இழுத்துப் போனாள். அங்கே ஒரே கூட்டம். அவர் தூர இருந்தே மடிப்பைப் பார்த்து, நீர் கட்டியிருக்கும், ஊசியால் இழுத்துவிடலாம், முதலில் ஸ்கேன் எடுத்து வாருங்கள் என்றார். புதன்கிழமை போகிறோம். எனக்குப் பயமில்லை. அங்கே படிக்கப் பலகைகள் நிறைய இருக்கும்.

உன் மகள் புஷ்பஜாவுக்கு என் வாழ்த்து. கை வலிக்கிறது, நிறுத்துகிறேன்.

உன்
அவரான்

*

பையனூர்
ஜூன் 8

அவரானுக்கு,

கடிதம் வந்தது. யாரோ விளையாடுகிறான் என்று முதலில் நினைத்தேன். பிறகு எழுத்துகளைப் பார்த்தேன். ஒன்றுகூடக் கோட்டுக்குள் நிற்கவில்லை. நீ அடித்த பந்துகளும் அப்படித்தானே, ஒன்றுகூட மைதானத்துக்குள் விழாது. நீதான் எழுதியிருக்கிறாய் என்று தெரிந்துகொண்டேன்.

என் மகள் வாங்கிப் படித்துவிட்டு, "அப்பா, இவர் உங்கள விட நல்லா எழுதறாரே" என்று காகிதத்தில் எழுதிக் காட்டினாள். அன்று அவளோடு நான் பேசவில்லை. ஆனால் கடிதத்தைத் தலையணைக்கு அடியில்தான் வைத்திருக்கிறேன். இன்னும் எழுது.

ஸ்கேன் என்கிறாயே, அது பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு வைத்துப் பார்க்கிற கருவி. உன் முட்டிக்கு எத்தனையாவது மாதம்? வளைகாப்புக்கு நான் என்ன கொண்டுவர வேண்டும்?

விளையாட்டுப் பேச்சு போதும். உன் காலை என் கட்டைவிரல்கள் அறிந்த அளவு எந்தக் கருவியும் அறியாது. மடிப்பில் நீர் இறங்கியிருக்கிறது. போன கர்க்கடகத்திலேயே தெரிந்தது. அதனால்தான் அந்த இடத்தில் அழுத்தம் கூட்டிக் கொடுத்தேன். எண்ணெய்க்கு மருந்துகளை இடிக்கத் தொடங்கிவிட்டேன். ஊசி மட்டும் போட விடாதே. துடிப்பு நல்லது. துடிக்கிறவரை கால் உன்னுடையது.

சாத்துக்குட்டி

*

அரீக்கோடு
ஜூன் 11

அன்புள்ள சாத்துவுக்கு,

உன் கடிதம் வருமுன்பே ஸ்கேன் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து பேனாவைப் பிடிக்கிறேன், வைக்கிறேன். எழுத்து மறந்துவிட்டதோ என்றுகூடப் பயந்தேன். மறக்கவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

உள்ளே நுழைந்ததும் சுவரில் பெரிய பலகை. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்படாது, கேட்பது குற்றம் என்று இருந்தது. நான் கடைசி எழுத்துவரை சத்தமாகப் படித்தேன். காத்திருந்த பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். உள்ளே இருந்த டாக்டர் சின்னப் பெண், நிஷிதா என்று பெயர். அவளிடம், "என் முட்டிக்குள்ள என்ன இருக்குன்னு சொல்றது குத்தம் இல்லையே?" என்று கேட்டேன். "அதச் சொல்றதுக்குத்தான் சம்பளம் வாங்கிட்டு உக்காந்திருக்கேன், படுங்க உப்பா" என்றாள். அந்த அறையில் எல்லோரும் சிரித்தது அதுதான் கடைசி.

முதலில் மல்லாக்கப் படுக்க வைத்தாள். முட்டியின்மேல் குளிர்ந்த பசையை ஊற்றினாள். சோப்புக் கட்டி போல ஒன்றை அதன்மேல் வழுக்கிக்கொண்டே போனாள். சாத்து, என் முழங்காலின் உள்ளே இருப்பதெல்லாம் டிவியில் தெரிந்தது. மழை நாளில் வயலைப் பார்க்கிற மாதிரி, சாம்பல் நிறத்தில். முட்டிச் சில்லு வெள்ளைக் கோடு. அதிலிருந்து இறங்குகிற தசைநார் கயிறு மாதிரி. காலை மடக்கச் சொன்னாள், கயிறும் கூடவே நகர்ந்தது. உயிரோடு இருக்கிறவன் தன் காலுக்குள் பார்க்கலாம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. நான் பிய்யாத்துவைக் கூப்பிட்டு, "இந்தக் காலாலதான் கோழிக்கோட்டுக்காரங்கள நிறுத்தினேன், பாரு" என்றேன். குருத்தெலும்பு தேய்ந்திருக்கிறது, கொஞ்சம் நீர் இருக்கிறது, வயசுக்கு மோசமில்லை என்று டாக்டர் சொன்னாள்.

பிறகு குப்புறப் படுக்கச் சொன்னாள். மடிப்பில் பசை. நான் கழுத்தைத் திருப்பி டிவியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்பாக ஒரு பெரிய குழி வந்தது. நீர்க்கட்டிதான் என்று நானே சொன்னேன். அவள் கையை அப்படியே நிறுத்தினாள். குழி துடித்தது. அவள் ஏதோ ஒரு பித்தானை அழுத்தினாள். குழிக்குள் சிவப்பும் நீலமும் சுழன்றன, வெள்ளம் வந்த ஆற்றில் சுழி சுற்றுகிற மாதிரி. நான் அழகாக இருக்கிறது என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

"உப்பா, அசையாதீங்க" என்றாள். குரல் மாறியிருந்தது.

அது நீர் இல்லை, சாத்து. காலுக்கு இரத்தம் கொண்டுபோகிற பெரிய குழாய் அந்த இடத்தில் பலூன் மாதிரி ஊதியிருக்கிறது. அதன் சுவரை ஒட்டிக் கட்டியான இரத்தம் படிந்திருக்கிறது. அதையும் காட்டினாள், கிணற்றுச் சுவரில் பாசி மாதிரி. அதில் ஒரு துண்டு பெயர்ந்து கீழே இறங்கினால் பாதத்துக்கு இரத்தம் நின்றுவிடும். நடக்கும்போது சதை கட்டியதும் அதனால்தான். நீர் என்று நினைத்து ஊசி குத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிய்யாத்து கேட்டாள். டாக்டர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, மற்ற முழங்காலையும் வயிற்றையும் பார்த்தாள். இந்த வீக்கம் ஒரு இடத்தில் இருந்தால் இன்னொரு இடத்திலும் இருக்குமாம். எனக்கு வேறெங்கும் இல்லை.

பிறகு கேட்டாள். "இந்த எடத்த யாராச்சும் அமுக்கினாங்களா?"

பிய்யாத்து என்னைப் பார்த்தாள். பையன்கள் தொடுவார்கள் என்று சொன்னேன். வரிசையில் நின்று தொடுவதைச் சொன்னேன். அந்தப் பெண் கையில் இருந்த கருவியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். உன் பெயரை நான் சொல்லவில்லை. கர்க்கடகத்து எண்ணெயையும் சொல்லவில்லை. ஆனால் சாத்து, உன் கட்டைவிரல்கள் அந்த இடத்தில் இறங்குவது எனக்கு அப்போது முதுகுத்தண்டில் தெரிந்தது.

இனி ஒரு விரல்கூட அந்தக் காலில் படக்கூடாது என்றாள். தொடையிலிருந்து ஒரு நரம்பை எடுத்து அந்த இடத்தைச் சுற்றிப் புது வழி வைத்துத் தைக்க வேண்டுமாம். ஜூன் 28 என்று நாள் குறித்திருக்கிறார்கள். நீ என்ன சொல்கிறாய்? உன்னைக் கேட்காமல் இந்தக் காலை நான் யாருக்கும் கொடுத்ததில்லை.

பயத்தோடு
அவரான்

*

பையனூர்
ஜூன் 15

அவரான்,

எட்டாம் வகுப்பில் இருந்த என் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட நான் இப்படித் தூங்காமல் இருந்ததில்லை. நேற்று வந்த படிப்பை வைத்துக்கொண்டு என் தலையில் கல்லைப் போட்டிருக்கிறாய்.

என் பெயரைச் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாய். ஏன் சொல்லவில்லை? நான் திருடனா? உன் கால் இத்தனை வருடம் எந்தக் கையால் நடந்தது என்று அந்தப் பெண்ணிடம் தலை நிமிர்ந்து சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது கேள். உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். என் வலது முழங்கால் மடிப்பும் துடிக்கிறது. உன்னுடையதைவிட நன்றாக. உன் காலில் முதன்முதலில் அந்தத் துடிப்பைத் தொட்டபோது நான் என் காலோடு ஒத்துப் பார்த்துத்தான் நல்லது என்று சொன்னேன். ஒருவன் பந்தில், ஒருவன் களரியில், காலை வைத்துப் பிழைத்த இரண்டு பேருக்கும் ஒரே துடிப்பு என்று உள்ளுக்குள் சந்தோஷம். வெளியில் சொன்னால் உன் பையன்கள் என் காலையும் தொட வரிசையில் நிற்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

இது நோய் என்றால் நான் எப்போதோ செத்திருக்க வேண்டும். நேற்று மாலை எண்ணெய் காய்ச்சி இறக்கியதும் முதல் கரண்டியை என் காலில்தான் விட்டேன். பலகையில் உட்கார்ந்து இரண்டு கட்டைவிரலாலும் அந்த உருண்டையை அமுக்கினேன், உனக்கு அமுக்குகிற அதே அழுத்தம். என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. எழுந்து கிணற்றடிக்கு நடந்து போய்க் குளித்தேன். இனி தினமும் அமுக்கப் போகிறேன். கர்க்கடகம் முதல் நாள் உன் வாசலில் வந்து நின்று இரண்டு காலையும் காட்டுகிறேன்.

அதுவரை நீ காலைக் கத்திக்கு நீட்டக்கூடாது. நீட்டினால் அரீக்கோட்டில் நான் இனி கால் வைக்க மாட்டேன்.

சாத்துக்குட்டி

*

அரீக்கோடு
ஜூன் 18

சாத்து,

இதைக் கையில் வாங்கியதும் உன் காலிலிருந்து கையை எடு. முதலில் அதைச் செய். பிறகு மிச்சத்தைப் படி.

நான் இன்னும் ஒவ்வொரு சொல்லாகத்தான் படிக்கிறேன். நீங்கள் எல்லாம் ஒரு வரியை ஒரே பார்வையில் படிப்பீர்கள். எனக்கு அப்படி வராது. என் வலது, முழங்கால், மடிப்பும் என்று படித்துக்கொண்டே வந்து, துடிக்கிறது என்ற சொல்லைக் கூட்டி முடித்தபோது எனக்குக் கண் இருட்டியது. இரண்டு கட்டைவிரலாலும் என்ற இடம் வந்தபோது காகிதத்தைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டேன். பிய்யாத்து அடுப்படியிலிருந்து வந்து யார் செத்தது என்று கேட்டாள்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஸ்கேன் டாக்டரிடமே போனேன். டோக்கன் வாங்கவில்லை, கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். இதற்காக நீ என்னைத் திட்டலாம், உன் குடும்ப விஷயத்தை வெளியாளிடம் காட்டினேன். அவள் நின்றுகொண்டே படித்தாள். பாதியிலேயே கேட்டாள்.

"இவரு பீடி குடிப்பாரா?"

"நானும் அவனும் ஒரே தீக்குச்சியில பத்த வச்சவங்கதான் மோளே."

"போன் நம்பர் குடுங்க. இப்பவே."

அவளே புஷ்பஜாவைக் கூப்பிட்டாள். உன் ஊரில் எங்கே இந்த ஸ்கேன் வசதி இருக்கிறது, என்ன சொல்லிக் கேட்க வேண்டும் என்று எல்லாம் சொன்னாள். புஷ்பஜா அழுதுகொண்டே எழுதிக்கொண்டாள். அன்று மாலை என்னைத் திரும்பக் கூப்பிட்டு, "அப்பா கிட்ட எழுதிக் காட்டினேன் மாமா, காகிதத்தக் கிழிச்சுப் போட்டுட்டாரு" என்றாள்.

நீ ஒரு நிபந்தனை போட்டாய். நானும் ஒன்று போடுகிறேன். நீ உன் காலை அந்தக் கருவிக்குக் காட்டாமல் நான் கத்திக்குப் படுக்க மாட்டேன். 28ஆம் தேதிக்கு வர முடியாது என்று ஆஸ்பத்திரியில் போய்ச் சொல்லிவிட்டேன். பெரிய டாக்டர் கத்தினார். "கால் போனா கிளப்புல இன்னொண்ணு வாங்கித் தருவாங்களா?" என்று கேட்டார். பிய்யாத்து நேற்றிலிருந்து எனக்குச் சோறு மட்டும் போடுகிறாள், பேச்சு இல்லை. பால் விடாத கட்டன் சாயாகூட ஸ்டூலில் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

பந்தாட்டத்தில் நீ என்னை அறிவாய். நான் ஒரு இடத்தில் நின்றால் நின்றதுதான். போய்ப் பார்த்துவிட்டு ஒரு வரி எழுது. ஒன்றும் இல்லை என்று வந்தால் நான் உன் காலில் விழுகிறேன், பையன்கள் எல்லோர் முன்னிலும்.

அவரான்

*

அரீக்கோடு
ஜூன் 27

அன்புள்ள சாத்துவுக்கு,

தபால்காரர் தினமும் நம் வாசலைத் தாண்டிப் போகிறார். இன்று நானே கூப்பிட்டு அவர் பையில் இருந்த கடிதங்களின் முகவரிகளைப் படித்துப் பார்த்தேன். அவருக்குக் கோபம். ஆனாலும் விட்டார்.

கோபம் இருந்தால் கோபத்தையே எழுது. கடிதம் போடத் தொடங்கியதிலிருந்து உன் வசவு இல்லாமல் இத்தனை நாள் நான் இருந்ததில்லை. நேற்று புஷ்பஜாவைப் போனில் பிடித்தேன். "அப்பாவே எழுதுவாரு மாமா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். பின்னால் வண்டிச் சத்தமும் ஆள் பேச்சும் கேட்டது. வீடு மாதிரி இல்லை.

எனக்குப் பாதம் கொஞ்சம் சில்லிடுகிறது. பிய்யாத்துவுக்குத் தெரியாமல் சாக்ஸ் போட்டுக்கொள்கிறேன். நீ என்ன ஆனாய் என்று தெரியாமல் எனக்கு எதுவும் ஓடவில்லை.

அவரான்

*

கண்ணூர் ஆஸ்பத்திரி
ஜூலை 1

அவரானுக்கு,

மகளை எழுதச் சொல்லவில்லை. நீ சொந்தக் கையால் எழுதுகிறபோது நான் ஆள் வைத்து எழுதினால் மரியாதை இல்லை.

உன் ஜூன் 18 கடிதம் வந்தபோது நான் பலகையில் உட்கார்ந்து அமுக்கிக்கொண்டிருந்தேன். கையில் எண்ணெய். புஷ்பஜா என் முகத்துக்கு நேரே பிடித்தாள். முதல் வரியை மட்டும் படித்தேன், சிரித்தேன், மிச்சத்தைப் படிக்காமல் சட்டைப் பையில் செருகச் சொன்னேன். இன்னும் கொஞ்சம் பலமாக ஒரு முறை அமுக்கினேன், உனக்காக.

கால்விரல்கள் மரத்தன. வாயு இறங்குகிறது, நல்லதுதான் என்று நினைத்தேன். பாதம் வெளுத்தது. சூடான எண்ணெய் தேய்த்தேன். காலையில் பாதம் என்னுடையதாக இல்லை. கல்லைத் தொடுவது போல இருந்தது. நான் எத்தனை ஆயிரம் பாதம் தொட்டவன், அவரான். செத்தவன் பாதம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இங்கே கொண்டு வந்ததும் உன் கருவியைத்தான் வைத்தார்கள். பசை குளிராக இருந்தது, நீ எழுதியது போலவே. டிவியை என் பக்கம் திருப்பச் சொன்னேன். தொடையிலிருந்து சிவப்பு வந்தது. மடிப்பு வரை வந்தது. அங்கே உன்னுடையதைவிடப் பெரிய குழி, அது முழுக்க அடைத்திருந்தது. கருவியைக் கீழே கொண்டுபோனார்கள். நிறமே இல்லை. ஆடுசதையில் இல்லை, கணுக்காலில் இல்லை. டாக்டர் கருவியைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தார், எங்காவது ஒரு பொட்டு கிடைக்குமா என்று. நானும் பார்த்தேன். இருட்டாக இருந்தது.

என் சட்டைப் பையில் உன் கடிதம் இருந்ததை டாக்டர் படித்துவிட்டார். எனக்குக் காது கேட்காது என்பதால் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினார்: தெரிந்தேவா அமுக்கினீர்கள்?

"இல்ல சார். எனக்குத்தான் தெரியும்னு அமுக்கினேன்" என்றேன்.

அடைப்பை உடைக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நாலைந்து நாளாகிவிட்டது. இல்லாத கட்டைவிரல் அரிக்கிறது. அந்தக் குழப்பத்தில்தான் உனக்கு எழுதத் தாமதம்.

நீ எனக்காகக் கத்தியைத் தள்ளி வைத்திருக்கிறாய் என்று புஷ்பஜா இன்றுதான் எழுதிக் காட்டினாள். மடையனே, நாளைக்கே போய்ப் படு. நான் உனக்குப் போட்ட நிபந்தனையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நீ போட்டது நிறைவேறிவிட்டது, அந்தக் கருவிக்கு என் காலைக் காட்டிவிட்டேன். கிளப்பில் வயதான கால்கள் என் பலகையில் படுத்திருந்தால் அவர்களையும் அனுப்பு. என் பெயரைச் சொல்லியே அனுப்பு.

காயம் ஆறியபிறகு மிச்சக் காலைத் தினமும் கையால் தேய்த்து, அமுக்கிப் பழக்க வேண்டுமாம். அப்போதுதான் பொய்க்கால் தாங்கும். நர்ஸ் புஷ்பஜாவுக்கு எப்படி என்று காட்டுகிறாள். மகள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். நானே செய்யலாம் என்றால் இந்த இரண்டு கட்டைவிரலையும் என் காலில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

சாத்துக்குட்டி

*

அரீக்கோடு
ஆகஸ்ட் 9

என் அன்புச் சாத்துவுக்கு,

உன் கடிதத்தைப் பிய்யாத்துவுக்குச் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தேன். முழங்காலுக்குக் கீழே என்பது வரை படித்தேன். அடுத்த சொல் என் கண்ணுக்குத் தெரிந்தது, வாயில் வரவில்லை. அவள் வா வா என்று கையை ஆட்டினாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நீங்க எழுதப் படிக்கக் கத்துக்காமலே இருந்திருக்கலாம்" என்றாள். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் எழுதாமல் இருந்திருந்தால் நீ எனக்கு நிரூபிக்க உட்கார்ந்திருக்க மாட்டாய். நீ இதற்கு என்ன சொல்வாய் என்று தெரியும், காலை எடுத்தது என் விரல், உன் எழுத்து இல்லை என்பாய். இருந்தாலும் ஒரு மாதம் நான் பேனாவைத் தொடவில்லை.

மறுநாளே போய்ப் படுத்தேன். தொடையில் நரம்பு எடுத்து முழங்காலுக்குப் பின்னால் புது வழி தைத்தார்கள். தைத்தபின் நிஷிதா டாக்டர் அவளாகவே மேலே வார்டுக்கு வந்து கருவியை வைத்தாள். சிவப்பு மடிப்பைத் தாண்டி, ஆடுசதையைத் தாண்டி, பாதம் வரை போனது. "பாருங்க உப்பா" என்றாள். எனக்குப் பார்க்க முடியவில்லை, சாத்து. அந்த நிறம் கீழே கீழே போகப் போக உன் கால்தான் கண்ணில் வந்தது. நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இப்போது கிளப்பு வரை நடக்கிறேன், சதை கட்டுவதில்லை. பாதம் சூடாக இருக்கிறது. நீ சொன்னபடி வயதானவர்களை எல்லாம் அனுப்பினேன். உன் பெயரைச் சொல்லித்தான் அனுப்பினேன். பழைய நடுவர் மம்மதுவுக்கு இந்த வீக்கத்தின் ஆரம்பம் இருக்கிறதாம். அவன் முதலில் உன்னைத் திட்டினான், பிறகு உன் விலாசம் கேட்டான்.

கர்க்கடகம் முடிய இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. இந்த வருடம் நீ வர முடியாது. அதனால் நான் வருகிறேன். வியாழக்கிழமை காலை வண்டி. ரயில் பலகையைப் படித்து ஏற எனக்கு ஆள் துணை வேண்டாம். பிய்யாத்துவும் வருவேன் என்கிறாள், அவள் வந்தால் புஷ்பஜாவுக்கு அடுப்படியில் ஒத்தாசை.

காயம் ஆறிவிட்டது என்று புஷ்பஜா சொன்னாள். அந்தக் காலை இனி அவள் தொட வேண்டாம், நீயும் தொட வேண்டாம். தேய்த்துவிட எனக்குக் கை வராது என்று நீ ஆயிரம் முறை சொல்லியிருக்கிறாய். எண்ணெய் தேவையில்லை, வெறும் கை போதும் என்று இங்குள்ள நர்ஸிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எங்கே அமுக்க வேண்டும், எவ்வளவு அமுக்க வேண்டும் என்று நீ சொல். தப்பாக அமுக்கினால் திட்டு. நீ திட்டத் திட்ட நான் அமுக்குகிறேன்.

உன்
அவரான்